நெறியாளருக்கும் பயிற்சி வேண்டும்

2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கோயமுத்தூரில் ஒரு சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. டாக்டர் பட்டம் பெறுவதற்காக மேடையேறிய ஒரு மாணவர், பட்டத்தைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாமல், கவர்னரின் கையில் ஒரு மனுவையும் கொடுத்தார். ஆராய்ச்சி மாணவர்களிடம் வீட்டு வேலை வாங்கப்படுகிறது என்றும், வாய்மொழித் தேர்வுச் சமயத்தில் பணமும் பரிசும் எதிர்பார்க்கப்படுகின்றன என்றும் அம்மனு முறையிட்டது. பத்திரிகைகளில் செய்தி பெரிதாக வெளிவந்தது. படித்தவர்கள் நடுவே பரபரப்பும் உண்டாயிற்று.

அம்மனுவில் கண்ட விஷயங்களில் எது எவ்வளவு தூரம் உண்மை என்று தீர்ப்புக் கூறுவது விசாரணை செய்வோரின் வேலை, நமது வேலையல்ல. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. பட்டம் கைக்கு வந்த நாளில்தான் அந்த மாணவர் பேசினார். அதற்கு முந்திய வருஷங்களில் ஓர் ஆராய்ச்சி மாணவர் வாயைத் திறந்தால் அவருடைய கதி என்னவாகும் என்பதைச் சர்வகலாசாலை வாசலை மிதித்த ஒவ்வொருவரும் அறிவர். ஒருவருடைய படிப்பும், பட்டமும், பிற்கால ஜீவனமும் மற்றொருவரின் ஒரு கையெழுத்தில் அடங்கியிருக்கின்றன. அந்தக் கையெழுத்துக்கு உரியவரை மாணவர்கள் பேச்சில் ‘கைடு’ என்கிறார்கள். ஆய்வேட்டின் முதற் பக்கத்தில் ‘நெறியாளர்’ என்று அச்சிடுகிறார்கள். இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுக்கும் நாம், அதை எப்படி உபயோகிப்பது என்பதை அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோமா? இதுவே நமது கேள்வி.

லஞ்சம் வாங்குகிறவரையும், மாணவரைக் கடைக்கு அனுப்பிக் காய்கறி வாங்கச் சொல்லுகிறவரையும் தண்டிக்க வேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அத்தகையவர்கள் சிலரே. பெரும்பாலான நெறியாளர்கள் நல்லவர்கள். தங்கள் துறையில் உழைத்துப் பெயர் வாங்கியவர்கள். மாணவருக்கு நன்மை செய்யவேண்டும் என்ற எண்ணமும் உள்ளவர்கள். அப்படியிருந்தும், மூன்று வருஷத்தில் முடியாத விஷயத்தை மாணவரின் தலையில் சுமத்திவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை மாதக்கணக்கில் மேஜைமேல் வைத்திருந்து, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார்கள். முதல் வருஷத்தில் கையைப் பிடித்து நடத்த வேண்டிய சமயத்தில் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட வேண்டிய சமயத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இந்த வேலையை அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை என்பதே காரணம். கெட்டவரால் நஷ்டமடைந்தவர் என்றாவது ஒருநாள் மனுக் கொடுக்கிறார். அறியாதவரால் நஷ்டமடைந்தவர் மனுக் கொடுப்பதில்லை. தமக்கே திறமையில்லை என்று எண்ணிக்கொண்டு மௌனமாக வெளியேறுகிறார்.

விஷயம் ஒரு சிலரைப் பற்றியதன்று. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2014-15-ம் வருஷத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள் 1.17 லட்சம் பேர். 2021-22-ம் வருஷத்தில் இத்தொகை 2.12 லட்சமாயிற்று, அதாவது ஏழு வருஷத்தில் 81 சதவிகிதம் ஏற்றம். பெண்களின் தொகை இதே காலத்தில் ஏறக்குறைய இரட்டித்து 98 ஆயிரத்தை எட்டியது. தேசத்துக்கு இது பெருமையே. ஆனால் மாணவர் தொகை பெருகிய வேகத்தில், அவர்களை நடத்திச் செல்லும் வித்தையும் பெருகியதா என்று கேட்டால் பதில் திருப்தியாக இல்லை.

பணக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 2023-ம் வருஷம் ஜனவரி முதல், தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்ற மாணவருக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும், பிறகு மாதம் 42,000 ரூபாயும் என்று நிர்ணயமாயிற்று. ஐந்து வருஷத்துக்குக் கூட்டினால், வீட்டு வாடகைப் படி நீங்கலாக, தலைக்கு 24 லட்சம் ரூபாய் ஆகிறது. ஜனங்களின் வரிப் பணத்திலிருந்து ஒருவருக்கு இவ்வளவு செலவிடும் தேசம், அந்த ஐந்து வருஷத்தையும் ஆக்கவோ அழிக்கவோ வல்ல நெறியாளரைத் தயார் செய்வதற்குத் தனியாக ஒன்றும் செலவிடுவதில்லை. உதவித்தொகை ஒன்றும் இல்லாமல், கடன் வாங்கியும், மாலை வேளைகளில் ட்யூஷன் சொல்லிக் கொடுத்தும் ஆராய்ச்சி செய்கிறவர்களின் நஷ்டத்துக்கோ கணக்கே கிடையாது.

விதிகள் இல்லையா என்று கேட்கலாம். விதிகளுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022-ம் வருஷங்களில் டாக்டர் பட்டத்துக்கான விதிகளை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெளியிடப்பட்ட விதிகளின்படி, ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 மாணவர்களையும், இணைப் பேராசிரியர் 6 மாணவர்களையும், உதவிப் பேராசிரியர் 4 மாணவர்களையும் ஏற்கலாம். நெறியாளர் தாம் டாக்டர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். முன்னிருவரும் 5 ஆராய்ச்சிக் கட்டுரைகளும், உதவிப் பேராசிரியர் 3 கட்டுரைகளும் வெளியிட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற மூன்று வருஷத்துக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்கலாகாது. பட்டத்தை முடிக்கக் குறைந்தது 3 வருஷம். அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவினால் மேலும் 2 வருஷம்.

இவை யாவும் அவசியமான விதிகளே. ஆனால் நெறியாளருக்கு உரிய தகுதி என்று இவ்விதிகள் எதைக் கேட்கின்றன? தாம் ஆராய்ச்சி செய்தாரா என்று கேட்கின்றன. பிறரை ஆராய்ச்சி செய்விக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே விதிகள், டாக்டர் பட்டம் பெற விரும்பும் ஒவ்வொரு மாணவரும் தமது துறையைச் சார்ந்த போதனா முறையிலும் எழுத்திலும் பயிற்சி பெறவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. மாணவருக்குப் பயிற்சி கட்டாயம். அவரை நடத்தும் ஆசிரியருக்குக் கட்டாயமில்லை! ஆரம்பப் பள்ளியில் குழந்தைக்கு அகரம் சொல்லிக் கொடுப்பதற்கு இரண்டு வருஷ ஆசிரியப் பயிற்சி வேண்டும். அதன்மேல் தகுதித் தேர்வும் வேண்டும். கல்வியின் உச்சிப் படியில் நிற்கும் மாணவருக்கு வழி காட்டுகிறவருக்கு ஒரு நாள் பயிற்சியும் தேவையில்லை என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பயிற்சி இல்லாத இடத்தில் நெறியாளருக்குப் பாட புஸ்தகமாக இருப்பது ஒன்றே ஒன்று: தம்மை நடத்தியவர் எப்படி நடத்தினார் என்ற ஞாபகம். நல்லவரிடம் பயின்றவர் நல்ல வழக்கத்தையும், கடுமையானவரிடம் பயின்றவர் கடுமையையும் சொத்தாகப் பெறுகிறார். ஒரு பேராசிரியர் எட்டு மாணவர்களை ஏற்று, ஒவ்வொருவரும் ஐந்து வருஷத்தில் முடிப்பதாக வைத்துக்கொண்டால், இருபது வருஷத்தில் 32 பேர் அவர் கையில் உருவாகிறார்கள். அவர்களில் பலர் தாமும் நெறியாளர்களாகிறார்கள். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் குடும்ப வழக்கத்தைப் போல, ஒரு தலைமுறையின் குறை அடுத்த தலைமுறையின் சம்பிரதாயமாகிவிடுகிறது.

இதற்கு மேல் எண்ணிக்கை மோகம் வேறு சேர்ந்துகொண்டது. 2018-ம் வருஷத்து ஆசிரியர் நியமன, பதவி உயர்வு விதிகளில், ஒரு மாணவர் டாக்டர் பட்டம் பெற்றால் நெறியாளருக்கு 10 புள்ளிகள் என்றும், ஆய்வேடு சமர்ப்பித்தாலே 5 புள்ளிகள் என்றும் வகுத்திருந்தார்கள். மாணவர் எப்படி நடத்தப்பட்டார், ஆய்வேடு எப்படிப்பட்டது, நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பவற்றுக்குப் புள்ளியும் இல்லை, கழிவும் இல்லை. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வளரும். வளர்ந்ததன் பலனையும் கண்டோம். 2025-ம் வருஷம் ஜனவரியில், டாக்டர் பட்டம் வழங்குவதில் விதிகளை மீறியதாக இராஜஸ்தானத்தில் மூன்று சர்வகலாசாலைகள் ஐந்து வருஷ காலத்துக்குப் புதிய ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்று மானியக் குழு தடை விதிக்க நேர்ந்தது.

நெறியாளரின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நமது சென்னையின் சரித்திரத்திலேயே ஒரு சிறந்த திருஷ்டாந்தம் இருக்கிறது. 1913-ம் வருஷத்தில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்குச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அவருக்குப் பட்டம் இல்லை. விதிகளைத் தளர்த்தித்தான் அந்த உபகாரச் சம்பளத்தை அளித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமது வேலையைப் பற்றி அவர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவரும் அவ்வாறே எழுதிக் கொடுத்தார். ஆனால் அவ்வறிக்கைகளைப் படித்து, அவருடைய கணித ஆராய்ச்சியில் அவருக்குச் சமமாக நின்று வழிகாட்ட வல்லவர் அப்போது இங்கே இல்லை. அறிக்கை வாங்குவது வேறு, வழிகாட்டுவது வேறு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

மறு வருஷம் அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. நவீன கணிதத்தின் நிரூபண முறைகளில் பல ராமானுஜனுக்குத் தெரியாது. கற்பிக்காமல் விட்டால் அவர் வேலை பிழைகளோடு நிற்கும். பள்ளி மாணவரைப் போல் உட்காரவைத்து ஒழுங்காகக் கற்பிக்கத் தொடங்கினாலோ, அவருடைய தன்னம்பிக்கையும் ஊற்றும் வற்றிப்போகக் கூடும். எதைக் கற்பிப்பது, எதைக் கற்பிக்காமல் விடுவது என்று ஹார்டி யோசித்து யோசித்து நடந்தார். ராமானுஜனுக்குத் தாம் கற்பித்ததைவிட அவரிடமிருந்து தாம் கற்றது அதிகம் என்பதையும் பிற்காலத்தில் அவர் ஒப்புக்கொண்டார். 1916-ம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை ராமானுஜனுடைய ஆராய்ச்சிக்காக அவருக்குப் பட்டம் வழங்கியது. இப்படிப்பட்ட யோசனைதான் நெறியாளரின் வேலையில் ஜீவநாடி. ஹார்டியைப் போன்ற மேதைக்கே இது சுலபமாக வரவில்லை என்றால், நாற்பது வயதில் நாலு மாணவர்களை ஒரே சமயத்தில் ஏற்கும் நமது உதவிப் பேராசிரியருக்கு அது தானே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

நமது யோசனைக்குச் சில ஆட்சேபங்கள் கூறப்படலாம். முதலாவது, பழைய பெரியோர்கள் எந்தப் பயிற்சி பெற்று மாணாக்கரை உருவாக்கினார்கள் என்பது. அவர்களிடம் இரண்டொருவர் அல்லது நாலைந்து பேர் பயின்றார்கள். அவர்களுடைய வாழ்நாள் முழுவதும் அதற்கே செலவாயிற்று. இன்று இரண்டு லட்சம் பேர். மேதைகளை நம்பி ஒரு சிறு ஆசிரமத்தை நடத்தலாம். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை நடத்த முடியாது. சாதாரணத் திறமையுள்ளவரும் நன்றாகச் செய்யும்படி வேலையை ஒழுங்குபடுத்துவதே பயிற்சியின் நோக்கம்.

இரண்டாவது ஆட்சேபம், நமது நாட்டின் குரு-சிஷ்ய மரபைக் காட்டிக் கூறப்படுவது. குருவுக்குப் பயிற்சி கொடுப்பதா, குருவை மாணாக்கர் கேள்வி கேட்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு நாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நினைவூட்டுகிறோம். உ. வே. சாமிநாதையர் 1871-ம் வருஷத்தில் அவரிடம் சேர்ந்து, 1876-ல் பிள்ளையவர்கள் காலமாகும் வரையில் பாடம் கேட்டார். பிள்ளையவர்கள் நாள்தோறும் பாடம் சொன்னார். மாணாக்கரின் ஆகாரத்தையும் சௌகரியத்தையும் பற்றிக் கவலைப்பட்டார். தாம் வறுமையில் இருந்தபோதும் மாணாக்கரை ஆதரித்தார். குருவின் அதிகாரத்துக்கு மரபை மேற்கோள் காட்டுகிறவர்கள், குருவின் கடமைக்கும் அதே மரபை மேற்கோள் காட்டட்டும். மாதம் ஒருமுறையும் மாணவரைப் பார்க்காமல், மரியாதையை மட்டும் மரபின் பெயரால் கேட்பது மரபாகாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. பயிற்சி என்றால் இரண்டு வாரம் ஓர் அறையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டு, தேநீர் குடித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருவது என்று ஆகிவிட்டது. இதுவும் அப்படியே முடியாதா என்பது அது. இந்தச் சந்தேகம் நியாயமானது. கலாசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக 1986-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து ஆசிரியர் கலாசாலைகள் தோன்றின. பிறகு அவை மனிதவள அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் மாறின. 2023-ம் வருஷத்தில் மாளவியா ஆசிரியர் பயிற்சி நிலையங்களாக மறுபடியும் பெயர் மாறின. பெயர் மாறிய அளவுக்குப் பாடம் மாறியதா என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். மாளவியா திட்டத்தில் எட்டுப் பொருள்கள் வகுக்கப்பட்டன. ஆராய்ச்சியும் அபிவிருத்தியும் அவற்றில் ஒன்று. ஆனால் ஆராய்ச்சி மாணவரை நடத்தும் முறை தனிப் பொருளாக இடம் பெறவில்லை. ஆகவே, பயிற்சி வேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், எத்தகைய பயிற்சி என்பதையும் நாம் சொல்ல வேண்டியவர்களாகிறோம்.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் என்ன செய்திருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். நெறியாளரை ‘டாக்டர்-தகப்பன்’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பது ஜெர்மானியர் வழக்கம். தகப்பன் நல்லவனாயிருந்தால் அந்த முறை சிறக்கும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு வேறு போக்கில்லை. இந்த ஒற்றைத் தகப்பன் முறையில் உள்ள அபாயத்தைப் பல தேசங்கள் உணர்ந்துவிட்டன. ஸ்வீடன் தேசத்து உயர்கல்வி விதிகளின்படி ஒவ்வொரு டாக்டர் பட்ட மாணவருக்கும் குறைந்தது இரண்டு நெறியாளர்கள் இருக்கவேண்டும். மாணவர் விரும்பிக் கேட்டால் நெறியாளரை மாற்றித் தரவேண்டும். லுண்ட் சர்வகலாசாலையில் பிரதான நெறியாளராவதற்கு நெறியாளர் பயிற்சியும் ஒரு தகுதியாக விதிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2018-ம் வருஷத்து ஆராய்ச்சி ஒழுக்க விதிகள், நெறியாளருக்கு உரிய திறமையும் வசதியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஸ்தாபனத்தின் பொறுப்பு என்று கூறுகின்றன. பிரிட்டனில் பட்டமேற்படிப்புக்கென உள்ள கவுன்சில் 2019-ம் வருஷத்தில் நல்ல நெறியாண்மைக்குப் பத்து அம்சங்களை வகுத்தது. மாணவரைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, எழுத ஊக்குவித்தல், வேலையைக் காலத்தில் முடிக்கச் செய்தல், பரீட்சைக்குத் தயார் செய்தல் என்று சென்று, தமது முறையைத் தாமே பரிசோதித்துக்கொள்வதில் அது முடிகிறது. அந்த அம்சங்களின்படி தமது அனுபவத்தை எழுதிக் காட்டும் நெறியாளருக்கு அங்கீகாரமும் கிடைக்கிறது.

அந்நிய தேசத்து ஏற்பாட்டை அப்படியே எடுத்து இங்கே நட்டால் வேர் பிடிக்காது. நமது மாணவர் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலையைக் கண்டவர்கள். பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்தவர்கள் விஞ்ஞானத்திலும் பொருளாதாரத்திலும் ஆய்வேட்டை இங்கிலீஷில் எழுதவேண்டியிருக்கிறது. கருத்தில் பிழையில்லாதவரும் பாஷையில் தடுமாறுகிறார். பாஷையின் தடுமாற்றத்தை அறிவின் குறைவாக எண்ணிவிடும் நெறியாளர் ஒரு நல்ல ஆராய்ச்சியாளரை இழந்துவிடுகிறார். முதலில் தமிழில் சொல்லச் செய்து, விஷயம் தெளிந்தபின் இங்கிலீஷில் எழுதச் செய்யும் நெறியாளரும் நம்மிடையே இருக்கிறார். இந்த முறையை மற்றவர்களுக்குக் கற்பிக்கச் சொல்லி அவரை யாரும் அழைப்பதில்லை என்பதுதான் துக்கம்.

நாம் கூறும் பயிற்சி பிரசங்கமாக இருக்கக்கூடாது. வழக்கறிஞர் தொழிலுக்குப் புதிதாக வந்தவர் முதியவரிடம் ஜூனியராக இருந்து பழகுவதுபோல, புதிய நெறியாளர் முதலில் அனுபவமுள்ள ஒருவரோடு இணை நெறியாளராக இருந்து ஒரு மாணவரையாவது கரை சேர்க்க வேண்டும். பிறகே தனிப் பொறுப்பு. இதனோடு, வருஷத்தில் சில நாட்கள் நெறியாளர்கள் கூடி, நடந்த சம்பவங்களை எடுத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும். மாணவர் ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை, என்ன செய்வது? சேகரித்த விவரம் தமது கொள்கைக்கு விரோதமாக வந்திருக்கிறது, மாணவர் பயப்படுகிறார், எப்படித் தைரியம் சொல்வது? மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயர் எப்போது சேரலாம், எப்போது சேரலாகாது? மனச்சோர்வு நோயாக மாறும் அறிகுறிகள் யாவை, யாரிடம் அனுப்புவது? இவற்றுக்கு விடை புஸ்தகத்தில் மட்டும் இல்லை. அனுபவமுள்ளவர்களின் வாயிலிருந்தும் வரவேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் நெறியாளரின் பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. நம்பத்தகுந்த ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் இவை என்று 2019 முதல் ஒரு பட்டியலை வைத்திருந்த மானியக் குழு, 2025-ம் வருஷம் பிப்ரவரியில் அப்பட்டியலைக் கைவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைக்கும் நல்ல சஞ்சிகைக்கும் வித்தியாசம் காணும் பொறுப்பு ஸ்தாபனங்களின் மேலும் ஆசிரியர்களின் மேலும் விழுந்துவிட்டது. பொறுப்பைக் கொடுத்தவர்கள் அதற்குரிய கண்ணையும் கொடுக்க வேண்டாமா?

பயிற்சி ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. அதனோடு பாதுகாப்பும் வேண்டும். 2022-ம் வருஷத்து விதிகளின்படி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு உண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை மாணவர் அதன்முன் தமது முன்னேற்றத்தைக் கூறவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அக்குழுவைக் கூட்டுகிறவர் யார்? அந்த மாணவரின் நெறியாளரே! நெறியாளரைப் பற்றி ஒரு குறை இருந்தால், நெறியாளர் கூட்டிய சபையில், நெறியாளர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எந்த மாணவருக்குத் துணிவு வரும்? வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழிதான் ஞாபகத்துக்கு வருகிறது. வருஷத்தில் ஒருமுறையாவது நெறியாளர் இல்லாத சமயத்தில் மாணவரைத் தனியே கேட்கும் வழக்கம் வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்வது பெருங்குற்றம் போலக் கருதப்படாமல், காரணம் காட்டிக் கேட்டால் இத்தனை நாளில் தீர்மானிக்கப்படும் என்ற நியதி வேண்டும். அத்தியாயத்தை இத்தனை நாளில் படித்துத் தருவேன், மாதத்தில் இத்தனை முறை சந்திப்பேன் என்று ஆரம்பத்திலேயே இருவரும் எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும். எழுத்தில் இருந்தால் மாணவர் கேட்கலாம், கேட்பது அவமரியாதையாகாது.

ஆசிரியர்களின் கஷ்டத்தையும் நாம் மறக்கவில்லை. நிரந்தரப் பதவியில் உள்ளவர்களே நெறியாளராகலாம் என்பது விதி. பதவிகள் காலியாகக் கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடக்கும் இடத்தில், மீதமுள்ள சிலர்மேல் எல்லா மாணவர்களும் வந்து விழுகிறார்கள். வகுப்பு, பரீட்சை, அறிக்கை, அங்கீகாரக் குழுவின் வருகை என்று நாள் முழுவதும் போன பிறகு ஆய்வேட்டைப் படிக்க எங்கே நேரம்? காலியிடங்களை நிரப்புவது சர்க்காரின் கடமை. மாணவரைச் சந்திக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுவது சர்வகலாசாலையின் கடமை. இவ்விரண்டையும் செய்யாமல் பயிற்சியை மட்டும் சுமத்தினால் ஆசிரியர்கள் அதை இன்னொரு தொல்லையாகவே எண்ணுவார்கள். அப்படி எண்ணுவதில் தப்பும் இராது.

ஆகவே நமது யோசனை சுருக்கமானது. முதன்முறையாக மாணவரை ஏற்கும் ஒவ்வொரு ஆசிரியரும் இணை நெறியாளராகப் பழகியபின்பே தனி நெறியாளராகவேண்டும். ஏற்கெனவே நெறியாளராக உள்ளவர்களும் சில வருஷங்களுக்கு ஒருமுறை தமது முறையைச் சக ஆசிரியர்கள்முன் வைத்து விவாதிக்க வேண்டும். பட்டங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் புள்ளி கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மாணவரைத் தனியே கேட்கும் ஏற்பாடும், நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமையும் விதியில் ஏறவேண்டும். டில்லியிலிருந்து கட்டளை வரட்டும் என்று காத்திருக்க அவசியமில்லை. சென்னை, மதுரை, திருச்சி, கோவைச் சர்வகலாசாலைகளில் ஏதேனும் ஒன்று தன் சொந்தத் தீர்மானத்தினாலேயே நாளைக்கே இதைத் தொடங்கலாம். பட்டமில்லாத ஒரு குமாஸ்தாவுக்காக 1913-ல் விதியைத் தளர்த்தத் துணிந்த சர்வகலாசாலைக்கு, பட்டதாரிகளின் நன்மைக்காக ஒரு விதியை இறுக்கத் துணிவில்லை என்று நாம் நம்பமாட்டோம்.

ஆராய்ச்சி என்பது கட்டடத்தினாலும் கருவிகளினாலும் வளர்வதில்லை. அறிந்தவர் ஒருவர், அறிய விரும்பும் ஒருவரைத் தம்மைவிடச் சிறந்தவராக்க வேண்டும் என்று பாடுபடுவதனால் வளர்கிறது. அந்தப் பாட்டைக் கற்றுக்கொள்வதில் எந்தப் பேராசிரியருக்கும் கௌரவக் குறைவு இல்லை. கற்பிக்கிறவர் கற்பதை நிறுத்தினால், அவரிடம் கற்கிறவர்தான் நஷ்டமடைகிறார். மேடையில் மனுக் கொடுக்க நேர்ந்த மாணவர் ஒருவர். மனுக் கொடுக்காமலே ஆய்வேட்டைக் கட்டி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதைச் சர்வகலாசாலைகள் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிப் பார்த்தால், இந்தக் காரியத்தை இன்னொரு வருஷத்துக்கு ஒத்திவைக்க அவற்றுக்கு மனம் வராது.